இரண்டாம் வரிக்காரி

அந்த அதிகாரியின் விரல் நகம் நன்றாக வெட்டிச் சுத்தமாக இருந்தது. அது என் கையெழுத்தின் மேல் மெல்ல நகர்ந்து, நான்கு வரிகளில் இரண்டாவது வரியின் நடுவில் வந்து நின்றது.

சிங்களத்தில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர் அதைத் தமிழாக்கினார்.

“இந்த வரி ஆருட?”

“அல்ரோ” என்றேன்.

“அல்ரோ எண்டா ஆரு? எந்த ஊர் ஆள்?”

தகரக் கூரையில் மார்கழி மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அருகில் லோரா அக்கா நனைந்த குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றார். மணல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், ஒரு தென்னங்குற்றியில், அவருடைய தம்பி டெரிக் உட்கார வைக்கப்பட்டிருந்தார். சேர்ட் பொத்தான்கள் எல்லாம் திறந்து கிடந்தன. காலில் செருப்பு இல்லை.

அல்ரோ யார், எந்த ஊர் என்று நான் விளங்கப்படுத்துவதைப் பொறுத்துத்தான் டெரிக் வீட்டுக்குப் போவதா, ஐந்து மணிக்கு வரும் ட்ரக்கில் ஏறுவதா என்பது இருந்தது. அந்த ட்ரக்கில் ஏறியவர்களைத் தேடி மறுநாள் முகாமுக்குப் போனால், அப்படி ஒருவர் இங்கே வரவே இல்லை என்பார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது.

யாரும் காது கொடுத்துக் கேட்காத குரல் அல்ரோ. ஒருநாள் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கதிரை போட்டு உட்கார்ந்து அதைக் கவனமாகக் கேட்பார்கள் என்று முந்தின நாள் யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

பேஸ் போன வருசம்

அது எந்த வருசம் என்று என்னைக் கேட்காதீர்கள். யுத்தம் அப்போது எத்தனையாம் கட்டத்தில் இருந்தது என்பதைப் பத்திரிகைக்காரர்கள் சொல்லுவார்கள். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் நாங்கள் காலத்தைக் குரல்களால் கணக்கிட்டோம். முதலில் பேஸ் போன வருசம். அதாவது, கட்டைக் குரல் ஆண்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்கும், பிறகு வெளிநாட்டுக்கும் போன காலம். கடைசியில் பேஸ் என்று மிஞ்சியவர் ஓய்வுபெற்ற ஒரு தபால் அதிபர். அவருக்குக் காது மந்தம். அதனால் அவர் மட்டும் எதற்கும் பயப்படாமல் பாடினார்.

அடுத்தது ரெனர், அதாவது மேல்குரல் ஆண்கள், போன வருசம். டெரிக் ஒருவரைத் தவிர.

பெண்கள் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. மெல்லிசாக, உயரமாகப் பாடும் சொப்ரானோக்கள் எப்போதும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஷெல் விழுந்த மறுநாளும் பூப்போட்ட சட்டையோடு வந்து நிற்பார்கள். அல்ரோவில் மூன்று பேர் இருந்தோம். ஒருத்தி கல்யாணம் முடித்துப் போனாள். இன்னொருத்தி ஒரு வெள்ளிக்கிழமை சத்தமில்லாமல் சொப்ரானோ வரிசைக்கு மாறி நின்றுகொண்டாள். மிஞ்சியது நான்.

நான் கிறிஸ்தவள்கூட இல்லை. கல்லடியில் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீடு. பெயர் சிவமலர். படித்தது மிஷன் பள்ளிக்கூடம் என்பதால், பாட்டுக்காக வா என்று கூப்பிட்டார்கள். அம்மாவிடம் அனுமதி கேட்டேன்.

“பாட்டுத்தானே, பாடு” என்றார் அம்மா. “ஆனா ஞானஸ்நானம் கீனஸ்நானம் எண்டு நிண்டியோ, இந்த வாசல் பக்கம் கிறுகாத மனே.”

ஞானஸ்நானம் தரும் அளவுக்கு என்னை அங்கே யாரும் கவனிக்கவில்லை. அல்ரோதானே.

உயரம் என்று ஒரு பெயர்

பாடகர் குழுவை நடத்தியது லோரா அக்கா. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். பட்டினத்தில் கல்யாணச் சட்டையும் பிளவுசும் தைக்கிறவர். ஊசியை உதட்டில் வைத்துக்கொண்டே சுருதி பிடிப்பார். முதல் நாள் என்னைப் பாட விட்டுப் பார்த்தார். மேலே மேலே ஏற்றினார். நானும் ஏறினேன்.

“குரல் ஏறுது புள்ள” என்றார். “ஆனா ஏறக்குள்ள உன்ட முகத்தப் பார்க்க ஏலாம இரிக்கு. நீ அல்ரோவுக்குப் போ.”

விளங்காதவர்களுக்கு ஒரு சொல். நான்கு குரல் பாட்டில் மெட்டு சொப்ரானோவுக்கு. அடித்தளம் பேஸுக்கு. ரெனருக்கு இடையிடையே ஒரு நல்ல ஏற்றம் கிடைக்கும், அதிலே கண்ணை மூடிக்கொள்ளலாம். அல்ரோ என்பது பெண் குரலின் கீழ்ப்பாதி. மேலேயும் கீழேயும் மற்றவர்கள் ஓடி விளையாட, நடுவில் கிடக்கும் இடத்தை அடைப்பது அதன் வேலை. முழுப் பாட்டும் நாலைந்து சுரத்துக்குள் முடிந்துவிடும். சில பாட்டுகளில் ஒரே சுரத்தில் ஏழு தடவை நிற்க வேண்டும். ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போகும் சனம் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போகும். அல்ரோவை முணுமுணுத்துக்கொண்டு போன ஒரு மனிதரை நான் கண்டதில்லை.

இதைச் சொல்லி நான் ஒருநாள் அழுதேன். சொப்ரானோவுக்கு மாற்றச் சொன்னேன்.

லோரா அக்கா வீட்டில் பேசுவது பழைய போர்த்துக்கேயம். “எங்கட பாஷையில அல்து எண்டா என்னண்டு தெரியுமா? உயரம். உன்னை உயரத்திலதான் வெச்சிரிக்கன் கா. மறுகா என்ன?”

“கீழ பாடுறத்துக்கு ஏன் உயரமெண்டு பேர்?”

“அது அந்தக் காலத்தில ஆம்புளையள் மட்டும் பாடக்குள்ள வெச்ச பேர். அவங்களுக்கு அது உயரம். பொம்புளையள் வந்ததும் கீழ போயிற்று. நாங்க வந்தா எதுதான் கீழ போகல்ல? போய்ப் பாடு.”

ஒரு கொம்பும் ஒரு ஓர்கனும்

லோரா அக்காவின் தகப்பனாரைப் பற்றி இங்கே சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. நான் கண்டதில்லை, கேட்டதுதான். அவர் பட்டினத்துப் பித்தளை வாத்தியக் குழுவில் அல்ரோ கொம்பு வாசித்தவர். ஊர்வலங்களில் பெரிய கொம்பு ‘பூம்’ என்றதும் இவர் ‘பா’ என்பார். பூம்-பா, பூம்-பா. மெட்டெல்லாம் முன்வரிசையில் நடக்கிறவர்களுக்கு.

வீட்டில் தனியாகப் பயிற்சி செய்வாராம். பூம் இல்லாமல். கொஞ்ச நேரம் மௌனம், ஒரு பா. கொஞ்ச நேரம் மௌனம், ஒரு பா. என்ன பாட்டு என்று பெண்சாதி பிள்ளைகள் ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. அவர் மட்டும் காலால் தாளம் போட்டு, முடிவில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இண்டைக்கு நல்லா வந்திச்சு” என்பாராம்.

எங்கள் கோயில் ஓர்கன் கூட அதே இனம்தான். காலால் மிதித்துக் காற்று ஊதும் பழைய பெட்டி. வாவிக் காற்றின் ஈரமும் எலியும் சேர்ந்து அதன் நடுக் கட்டைகளை ஊமையாக்கிவிட்டன. மேலே பேசும், கீழே பேசும். அல்ரோ இருக்கும் ஒன்றரைச் சாண் இடத்தில் வெறும் ‘டக் டக்’. எலிக்கும் அந்த இடம்தான் யாருக்கும் தேவைப்படாது என்று தெரிந்திருக்கிறது. ஆகவே என் சுரத்தை நான்தான் எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலும் டெரிக்கின் வரியைக் கேட்டு, அதிலிருந்து எண்ணிப் பிடிப்பேன். அவர் அதை வேறு விதமாக விளங்கிக்கொண்டு, பாடும்போது என் பக்கம் திரும்பி நின்று பாட ஆரம்பித்திருந்தார்.

டெரிக் தச்சுவேலை செய்பவர். நல்ல கைக்காரர். தன் குரல் மேல் அவருக்கிருந்த அபிமானத்தில் பாதி தன் உயிர் மேல் இருந்திருந்தால், அந்த மார்கழியில் எங்களுக்கு இவ்வளவு பாடு வந்திராது.

என் அழகான கையெழுத்து

அந்த வருசம் கிறிஸ்மஸுக்கு லோரா அக்கா ஒரு புதுப்பாட்டை எடுத்தார். புதுப்பாட்டு என்றால் எங்களுக்குப் புது. மற்றபடி இயற்றியவர் இறந்து நூறு வருசமாவது இருக்கும். கரண்ட் இல்லை, பிரதி எடுக்கும் கடை மூடிக் கிடந்தது. கார்பன் தாள் வைத்து எழுத வேண்டும். என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே பெயர். அந்தப் பெயரை நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் சந்தோசமாக வைத்திருந்தேன்.

எங்களுக்குக் கோடும் புள்ளியும் போட்ட சங்கீதக் குறியீடு தெரியாது. எழுத்துக் குறியீடுதான். டோ, ரே, மீ, ஃபா, சோ, லா, டீ என்று ஏழு சுரம். ஒவ்வொன்றுக்கும் அதன் முதல் ஆங்கில எழுத்து. தாளத்துக்கு இடையிடையே முக்காற்புள்ளியும் குத்துக்கோடும். நான்கு குரலுக்கு நான்கு வரி. தெரிந்தவர் பார்த்தால் பாட்டு. தெரியாதவர் பார்த்தால் என்னவென்று தோன்றும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

எழுத்தோடு விட்டிருக்கலாம். பயிற்சியில் லோரா அக்கா சொன்னவற்றையும் ஓரத்தில் எழுதினேன். அவர் ஆங்கிலத்தில் ‘அட்டாக்’ என்பார். சுரத்தை மழுப்பாமல் பளிச்சென்று பிடிப்பதற்குப் பாடகர்கள் சொல்லும் சொல் அது. நான் சோதனையில் தமிழுக்கு ஏ எடுத்தவள். ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுத மனம் வரவில்லை. எனவே என் தாளில் இப்படி இருந்தது:

‘பேஸ் முதலில் உள்ளே வரவும். அல்ரோ நான்கு எண்ணும்வரை அசையக் கூடாது. டெரிக் தனியே. மற்றவர்கள் மூச்சு விட வேண்டாம். இரண்டாம் முறை எல்லோரும் ஒன்றாகத் தாக்கவும்.’

இன்றைக்கு வாசித்தாலும் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன்.

அந்த நாட்களில் டெரிக் கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் உடைந்த ஜன்னல்களுக்குச் சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் வேலை முடிந்து பட்டினத்துக்குத் திரும்பும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து பிரதிகளை வாங்கினார். மழையில் நனையாமல் இருக்கப் பொலித்தீனில் சுற்றி, சேர்ட்டுக்குள்ளே, நெஞ்சோடு வைத்துக்கொண்டார். சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டிய ஒருவர் செய்யக் கூடாத காரியங்கள் பட்டியலில் முதலாவது அது.

எல், ரி, ரி

அரை மணித்தியாலத்தில் மீன்கார மாமி ஓடி வந்தார். “புள்ள, உங்கட ஊட்ட வந்து போன பறங்கிப் பொடியனப் பாலத்தடியில புடிச்சு வெச்சிரிக்கானுகள். நெஞ்சுக்குள்ள கடிதமாம்.”

எப்படி நடந்ததென்று பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. பொலித்தீன் சத்தம் கேட்டிருக்கிறது. தாளை எடுத்திருக்கிறார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஓரக் குறிப்புகளை உரக்க வாசித்திருக்கிறார். பேஸ் என்றால் எந்தப் பேஸ், எந்த முகாம் என்று கேட்டிருக்கிறார்கள். ‘டெரிக் தனியே’ என்று எழுதியிருக்கும் தாளைச் சுமந்து வந்தவரின் அடையாள அட்டையிலும் டெரிக் என்றே இருந்திருக்கிறது.

அதுவும் போதாதென்று, இரண்டாவது வரி. பாட்டின் உச்சத்துக்குச் சற்று முன் அல்ரோ லா, டீ, டீ என்று ஏறும். எழுத்தில் எல், ரி, ரி. அடுத்து ஒரு ஈ வந்தால் அது புலிகளின் பெயர் என்று அந்த நாளில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். என் தாளில் அடுத்து வந்தது டோவுக்கான எழுத்து. ஆனால் அவ்வளவு தூரம் வாசிக்க யாருக்குப் பொறுமை?

யார் எழுதியது என்று கேட்டதற்கு டெரிக், “நான்தான்” என்றிருக்கிறார். எழுதிக் காட்டு என்று பேனையைக் கொடுத்திருக்கிறார்கள். தச்சனின் கையெழுத்து, கோழி கிளறியது போல. பொய் சொல்கிறான் என்று உறுதியாகிவிட்டது. பொய் சொல்லி இவன் காப்பாற்றும் ஆள் பெரிய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று அடுத்தபடியும் ஏறிவிட்டார்கள்.

அந்தப் பெரிய ஆள் நான். பழைய பாவாடையோடு குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “போகாத. பொம்புளப்புள்ள நீ. அவன்ட அக்கா வந்து பார்ப்பா.”

ஒரு நிமிடம் நான் அந்தக் கையிலேயே நின்றேன். போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தத் தாள் எதிலும் என் பெயர் இல்லை. டெரிக் சொல்லவும் மாட்டார். இந்த நினைப்பு எனக்கு வந்தது உண்மை. மறைத்துவிட்டு இதை எழுதுவதில் அர்த்தமில்லை. பிறகு அம்மாவின் கையை எடுத்துவிட்டுப் போனேன்.

பாலத்தின் மறுபக்கத்திலிருந்து லோரா அக்காவும் வந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. அவர் வாயைத் திறந்ததும் போய்விட்டது. ஒரு கிழமையாகத் தொண்டை கட்டி, பேச்சு வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது. ஊரிலேயே சிறந்த சொப்ரானோ. மெட்டைக் கையில் வைத்திருந்த ஒரே ஆள். அன்றைக்குப் பார்த்து ஊமை ஓர்கன்.

பாடிக் காட்டு

“நான்தான் எழுதினன்” என்றேன். “அல்ரோ ஆள் இல்ல. குரல். பாட்டு இது.”

பொலிஸ்காரர் மொழிபெயர்த்தார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாடச் சொன்னார்.

பாடினேன். இந்தப் பாட்டின் முதல் வரியில் அல்ரோவுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? ஏழு சோ. சோ சோ சோ சோ, சோ சோ சோ. குரல் நடுங்கியதால் ஏழும் ஏழு விதமாக வந்தது. அப்போதுதான் முதல்முறையாக அதில் கொஞ்சம் மெட்டு இருந்தது.

சாவடி வாசலில் நின்ற ஒரு இளம் சிப்பாய் சிரித்தான். பொலிஸ்காரர், “இது பாட்டா, மந்திரமா?” என்றார்.

டெரிக்கைப் பாடச் சொன்னார்கள். அவர் தென்னங்குற்றியிலிருந்து எழும்பினார். உதடு வெடித்திருந்தது. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரெனர் வரியைப் பாடினார். நன்றாகத்தான் பாடினார். அதுவே பிழையாகப் போய்விட்டது.

“அவன் பாடினது வேற. நீ பாடினது வேற” என்றார் பொலிஸ்காரர். “ஒரே பாட்டு எண்டு சொல்றீங்க. ஐயா கேக்கிறார், ஒரு பாட்ட நாலு பேர் நாலு விதமாப் பாடினா அது எப்பிடிப் பாட்டு?”

“அதுதான் பாட்டு” என்று லோரா அக்கா காற்றால் சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து சுருதிக் கவையை, அந்த இரண்டு கால் இரும்பை, வெளியே எடுத்தார். இரண்டு துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. அவர் அதை மேசையில் தட்டி ஊன்றினார். மேசை முழுவதும் ‘ம்ம்ம்’ என்றது. அதிகாரி கையைப் பட்டென்று மேசையிலிருந்து எடுத்துவிட்டார்.

லோரா அக்கா சிங்களத்தில், கிழிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். பிறகு எனக்குத் தமிழில் சொன்னார், என்ன சொன்னார் என்று: “இந்தப் பாலத்தடியில மீன் பாடுதெண்டு சொன்னா நம்புறீங்க. உங்கட பெரியவங்க தோணி எடுத்துப் போய்க் கேக்கிறாங்க. மனிசர் பாடுறதெண்டா மட்டும் நம்ப மாட்டீங்களா?”

இரவில் அந்த வாவியில் மீன் பாடும் என்பது எங்கள் ஊரின் பழைய பெருமை. எங்களுக்கோ அந்தப் பாலத்தில் ஒரு நிமிடம் நின்று கேட்கவும் அனுமதியில்லை. அதையும் அவர் சேர்த்துச் சொன்னாரா என்று தெரியாது.

அதிகாரி யோசித்தார். புத்திசாலி. இருவரும் சேர்ந்து பாட வேண்டும், ஆனால் முதலிலிருந்து அல்ல, மனப்பாடம் செய்திருப்பீர்கள், நான் காட்டும் இடத்திலிருந்து என்றார். சுத்தமான அந்த நகம் நேராக எல், ரி, ரிக்குப் போனது.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அல்ரோ லா, டீ, டீ என்று ஏறி டோவைப் பிடிக்கும். பிடித்து விடாமல் நிற்கும். அது நிற்கும்போதே கீழே ரெனர் ரேக்கு நகரும். டோவும் ரேயும் ஒன்றையொன்று உரசும். கேட்பவர் பல் கூசும். ஒரே ஒரு எண்ணிக்கைதான். அடுத்த எண்ணிக்கையில் அல்ரோ ஒரு படி இறங்கி டீக்கு வரும். உரசல் தீரும். வேண்டுமென்றே எழுதிய உரசல் அது. முழுப் பாட்டிலும் அல்ரோவுக்கென்று இருந்த ஒரே வேலை அதுதான்.

கவை ஒலித்தது. பாடினோம். லா, டீ, டீ, டோ. ரெனர் நகர்ந்தது. உரசியது.

அதிகாரி கையை உயர்த்தினார். பிழை என்றார்.

மறுபடியும். மறுபடியும் அந்த இடத்தில் கை உயர்ந்தது. பிழை. இரண்டு பேரும் ஒரே தாளை வாசிக்கவில்லை, ஆளுக்கொன்று இட்டுக்கட்டுகிறீர்கள்.

அவருக்குக் காது இருந்ததுதான் வினை. ஒரு நல்ல செவிட்டு அதிகாரி கிடைத்திருந்தால் அந்த நிமிடமே வீட்டுக்குப் போயிருப்போம்.

தூரத்தில் ட்ரக்கின் சத்தம் கேட்டது. டெரிக்கும் கேட்டார். அவருடைய முகத்தில் இருந்த ரெனர் எல்லாம் போய், வெறும் மனிதர் நின்றார். அந்த முகத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் சுரம் போய்விடும் என்பதற்காக மட்டும் அடக்கினேன்.

மூன்றாவது தடவை. லா, டீ, டீ, டோ. ரெனர் ரேக்கு வந்தது. கை உயர்ந்தது.

நான் நிறுத்தவில்லை.

டோவிலேயே நின்றேன். கை உயர்ந்தபடி இருந்தது. டெரிக் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். விடவில்லை. ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நீளமாக அந்த உரசலை நாங்கள் ஒருநாளும் பாடியதில்லை. பிறகு நான் இறங்கினேன். ஒரு படி. டீ.

அதிகாரியின் கை இன்னும் இறங்கவில்லை. அவருடைய தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது.

“ஆயெத்” என்றார்.

திரும்பவும் என்று அர்த்தம். அதற்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. லோரா அக்கா பயிற்சியில் ஓயாமல் சொல்லும் சொல் அது, வேறு பாஷையில்.

ஆறு தடவை பாடினோம். கடைசி இரண்டும் சந்தேகத்துக்காக அல்ல என்று நினைக்கிறேன்.

முத்திரை

டெரிக்கை விட்டார்கள். ஆனால் ஒரு நிபந்தனை. அந்த மூன்று எழுத்தும் இந்தத் தாளில் இருக்கக் கூடாது. மாற்ற வேண்டும்.

“மாத்தினா வேற சுரம் வந்திரும்” என்று நான் ஆரம்பித்தேன்.

“மாத்து கா!” என்றார் லோரா அக்கா. தொண்டை கட்டியிருந்தும் அது மட்டும் முழுக் குரலில் வந்தது.

மூன்று எழுத்தையும் வெட்டிவிட்டுத் தமிழில் லா, டீ, டீ என்று எழுதினேன். ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே மூன்று தமிழ் எழுத்துகள். முன்பை விட இப்போதுதான் அது சங்கேதம் போல் இருந்தது. அதிகாரி திருப்தியாகி, ஓரத்தில் நீல முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டார். இராணுவம் திருத்தி அனுமதித்த அல்ரோ வரி உலகத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

வெளியே வந்ததும் டெரிக் தன் சேர்ட் பொத்தான்களைப் பூட்டப் பார்த்தார். விரல்கள் பொத்தானைப் பிடிக்கவில்லை. லோரா அக்கா குடையை என்னிடம் தந்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார். கடைசிப் பொத்தான் பிய்ந்து போயிருந்தது. அதைக் கண்டுதான் அவர் அழுதார்.

டெரிக் என்னைப் பார்த்தார். “கண்டியா மலர்” என்றார், வெடித்த உதட்டோடு. “அவனுக்கு என்ட லைன் நல்லாப் புடிச்சிற்று.”

அந்தக் கிறிஸ்மஸுக்கு அந்தப் பாட்டைப் பாடினோம். லோரா அக்காவின் தொண்டை திறந்துவிட்டது. மெட்டு கோயில் முகடுவரை ஏறியது. தபால் அதிபர் முதலில் உள்ளே வந்தார். எல்லோரும் ஒன்றாகத் தாக்கினோம். அல்ரோவை வழக்கம்போல ஒருவரும் கேட்கவில்லை. சனம் மெட்டை முணுமுணுத்துக்கொண்டு போனது. அடுத்த வருசம் மற்றவர்களைப் போல டெரிக்கும் வெளிநாட்டுக்குப் போனார். எங்கள் கணக்கில் ரெனர் முற்றாக முடிந்த வருசம் அது.

அதற்கு முன்பு, தை மாதம் முடியும்போது, ஒரு காலை நான் பட்டினத்துக்குப் போகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு சாவடி வரிசையில் நின்றேன். மழை விட்டு நல்ல வெயில். வாசலில் அன்றைக்குச் சிரித்த அதே இளம் சிப்பாய். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அட்டைகளை வாங்கிப் பார்த்துக்கொண்டே வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

சோ சோ சோ சோ. சோ சோ சோ.

முதலில் நான் நம்பவில்லை. அவன் தொடர்ந்தான். லா, டீ, டீ, டோ. மெட்டை அவன் கேட்டதே இல்லையே. லோரா அக்கா அன்றைக்குப் பாடவில்லை. அவனுக்குத் தெரிந்த பாட்டு இவ்வளவுதான். இதுதான் பாட்டு என்று நினைத்திருக்கிறான்.

டோவில் நின்றுவிட்டான். அன்றைக்குக் கை உயர்ந்து உயர்ந்து நின்ற இடம். அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை போலும். திரும்ப லாவிலிருந்து பிடித்தான். திரும்ப டோவில் நின்றான். புருவம் சுருங்கியது.

எனக்குக் கோபம் வந்தது. டெரிக்கின் உதடு ஞாபகம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையும் வந்தது. இத்தனை வருசம் பாடியதில் என் வரியை வீட்டுக்குக் கொண்டுபோனவன் இவன் ஒருவன்.

என் முறை வந்தது. அடையாள அட்டையை நீட்டினேன். அவன் அதைப் பார்த்தபடி மூன்றாவது தடவையாக டோவில் வந்து நின்றான்.

“டீ” என்று மெதுவாகப் பாடினேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அட்டையைத் திருப்பித் தந்தான். போ என்று கையைக் காட்டினான். சைக்கிளை உருட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினேன். எனக்குப் பின்னால் அவன் லா, டீ, டீ, டோ என்று பாடி, ஒரு படி இறங்கி, முடித்தான்.